ஓர் இரவிலிருந்து தொடங்குங்கள்: சைக்கிள் பயணத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தைச் சேர்ந்த டெர்வ்லா மர்ஃபிக்கு 1941ஆம் ஆண்டு, பத்தாவது பிறந்தநாளன்று இரண்டு பரிசுகள் கிடைத்தன: ஒரு பழைய சைக்கிள், ஒரு பழைய உலக வரைபடப் புத்தகம். சில நாட்களிலேயே, சைக்கிளில் இந்தியாவுக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டார். கிளம்பியது 1963இல். நடுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன; அதில் பெரும்பகுதி நோயுற்ற தாயைக் கவனிக்கும் பொறுப்பில் போனது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அந்தச் சிறுமியையும் அந்தப் பெரும்பயணத்தையும் மட்டுமே சொல்வார்கள். எனக்கு அதிகம் பிடித்தது நடுவில் இருக்கிறது. 1951இல் வேல்ஸும் தெற்கு இங்கிலாந்தும், மறு ஆண்டு பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ், அதற்குப் பிறகு ஸ்பெயின் என்று, கிடைத்த விடுப்பில் எல்லாம் அவர் சைக்கிளில் போய்வந்துகொண்டே இருந்தார். கனவைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. சின்னச் சின்னப் பயணங்களால் அதற்குத் தீனி போட்டார்.

சைக்கிள் பயணம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். உங்கள் கனவு ஆறு மாதப் பயணமாக இருக்கட்டும். முதலில் வீட்டுக்கு வெளியே ஓர் இரவு தங்கி வாருங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் சவாரிக்கும், இரவு வேறிடத்தில் படுத்து மறுநாள் மீண்டும் மிதிப்பதற்கும் நடுவில்தான் பெரிய கோடு இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் மூன்று இரவு, முப்பது இரவு என்பதெல்லாம் அளவில் வித்தியாசமே தவிர வகையில் இல்லை. இந்த வழிகாட்டி அந்த முதல் இரவை நோக்கிப் போகிறது. அதற்கு அப்பால் உள்ளதைக் கடைசியில் கொஞ்சம் தொட்டுக்கொள்கிறேன்.

கனவைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வது

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நேர விரயம் என்று நினைக்காதீர்கள். மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலையில் அக்-பைதல் கணவாய் 4,655 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று படிக்கும்போது ஏற்படும் படபடப்பு உண்மையானது. சிலியின் தென்பகுதியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரேதெரா ஆஸ்த்ரால் சாலை, அட்லாண்டிக் கரையில் தொடங்கி டான்யூப் நதியை ஒட்டிக் கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற ஐரோப்பிய சைக்கிள் தடம் என்று விரல் ஓட்டிப் பாருங்கள். மனம் எங்கே தங்குகிறதோ அதைக் குறித்து வையுங்கள். மலையா, ஆற்றங்கரையா, பாலையா என்பது உங்கள் விருப்பத்தை உங்களுக்கே காட்டிக்கொடுக்கும். முதல் இரவுக்கான வழியையும் அதே குணத்தில் தேர்ந்தெடுக்கலாம். நதிக்கரைப் பாதையில் மனம் லயித்தவர் முதல் பயணத்திலேயே கணவாய் ஏறத் தேவையில்லை.

கனவைக் கெடுப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, கருவிகளைப் பற்றி முடிவில்லாமல் படிப்பது. மற்றொன்று, உடம்பு தயாரான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது. சைக்கிளில் முதன்முதலாக உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பியபோது அவரிடம் இருந்தது முன்சக்கரம் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் பழைய பாணி சைக்கிள். அதில் கியர் கிடையாது, காற்றடைத்த டயர் கிடையாது. டன்லப்பின் காற்று டயர் வந்ததே 1888இல்தான். அமெரிக்காவைக் கடந்த பாதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கடல்களைக் கப்பலில் கடந்து, உலகைச் சுற்றி, 1886 டிசம்பரில் யோகோஹாமாவில் பயணத்தை முடித்தார். வண்டியை விட்டு இறங்கித் தள்ளுவது கௌரவக் குறைச்சல் இல்லை என்பதையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படி: இருக்கும் வண்டியைப் பார்ப்பது

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைய வேண்டாம். உங்கள் உயரத்துக்குப் பொருந்துகிற, பிரேக் பிடிக்கிற, பின்னால் கேரியர் பொருத்த முடிகிற எந்த சைக்கிளும் முதல் இரவுக்குப் போதும். பயணத்துக்கென்றே செய்த வண்டி நல்ல பொருள்தான். ஆனால், எந்தக் குறை உங்களுக்கு உறுத்துகிறது என்று சில பயணங்களில் தெரிந்துகொண்ட பிறகு வாங்கினால்தான் அதன் அருமை புரியும்.

முதலில் டயரைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 37-622 என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம். உதிரி ட்யூப் வாங்கும்போது இந்த இரண்டு எண்ணும் பொருந்த வேண்டும். சுமையோடு போக 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம் வசதி. ஒல்லியான டயர்தான் வேகம் என்ற நம்பிக்கையை நான் விட்டு வெகுநாளாகிறது. கரடுமுரடான சாலையில் அகல டயர் குலுக்கலை விழுங்கிவிடுகிறது, மாலையில் உடம்பு அதற்கு நன்றி சொல்கிறது. பக்கவாட்டில் எழுதியிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தம் ஓர் எல்லைதான்; அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

அடுத்தது கியர். விற்பவர்கள் எத்தனை கியர் என்று எண்ணிக்கையைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மிக லேசான கியர் எது என்பதை. முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள பெரியதன் பற்களால் வகுத்துப் பாருங்கள். முன்னால் 26, பின்னால் 34 என்றால் விடை 0.76 வரும். அதாவது மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுச் சுற்றி, வண்டி சுமார் 1.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகம். செங்குத்தான ஏற்றத்தில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்தபடியே ஏற இதுதான் வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் மலைப்பாதைக்குச் சரி. ஒன்றரைக்கு மேல் இருந்தால் சமவெளி வழியைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவுதான்.

பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது ஆடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்போக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து விரல்களால் அழுத்தினால், தளர்ந்தது எது என்று கைக்கே தெரிந்துவிடும். சங்கிலித் தேய்மானத்தை அளக்க ஒரு ஸ்கேல் போதும். 12 அங்குல நீளத்தில் சரியாக 24 கண்ணிகள் அடங்க வேண்டும். அந்த நீளம் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் பின்பற்சக்கரத்தையும் அது தேய்த்திருக்கும், செலவு இரட்டிப்பாகும்.

இரண்டாம் படி: உட்காரும் விதம்

நிறையப் பேர் சைக்கிளை வெறுப்பதற்குக் காரணம் சீட்டின் உயரம். கால் இரண்டும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, முழங்காலை நெஞ்சுவரை மடக்கி மிதிக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டரில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். வயதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். மிதி மிகக் கீழே வரும் நிலையில் குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருக்க வேண்டும். பிறகு மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைப்பீர்கள் அல்லவா, முழங்கால் தானாக இலேசாக மடங்கியிருக்கும். அதுதான் உயரம். முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட்டைச் சற்று உயர்த்துங்கள், பின்புறம் இழுத்தால் தாழ்த்துங்கள். ஒரு தடவைக்கு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டு அதிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் கால் ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள்.

கை மரத்துப்போவது அடுத்த தொல்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளிவிளிம்பில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துங்கள், சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் சமமாக்குங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். சீட்டைப் பொறுத்தவரை, மெத்தென்று இருப்பது நெடுந்தூரத்துக்குச் சுகம் தராது. உட்கார்ந்தால் உங்கள் எடையை இடுப்பின் இரண்டு அடி எலும்புகள் தாங்க வேண்டும். தடித்த பஞ்சு அந்த எலும்புகளுக்கு நடுவே உள்ள மென்மையான சதையை அழுத்திவிடுகிறது. மெத்தை தைத்த சைக்கிள் கால்சட்டை உதவும். அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது என்பதை யாரும் சொல்வதில்லை. தையல் உராய்ந்து புண்ணாகும்.

மூன்றாம் படி: காலைப் பழக்குவது

உடற்பயிற்சித் திட்டம் எதுவும் போட வேண்டாம். போகிற வேலைகளுக்கெல்லாம் சைக்கிளில் போங்கள். வாரம் ஒருநாள் கொஞ்சம் நீளமாக, 20, 30, 45 கிலோமீட்டர் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். இந்தக் காலகட்டத்தில்தான் சைக்கிளின் உண்மையான இன்பம் பிடிபடும். நடக்கும்போது அரைநாள் ஆகும் தூரம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறது. காரின் கண்ணாடிக்குப் பின்னால் கேட்காத ஓசைகள் எல்லாம் கேட்கின்றன. நெடுங்காலம் வாழ்ந்த ஊரிலேயே, எந்தத் தெரு மெல்ல உயர்கிறது என்பது காலுக்கு முதன்முறையாகத் தெரியவருகிறது. ஒரே அளவு உழைப்பில், நடப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான தூரம் சைக்கிள் கொண்டுபோகும். தன் காலாலேயே இத்தனை தொலைவா என்ற வியப்பு பழகப் பழகவும் தீருவதில்லை.

மிதிப்பதில் ஒரே ஒரு பாடம்: கனமான கியரில் மெதுவாக அழுத்தாமல், லேசான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்றுவரை நல்லது. பதினைந்து விநாடிக்கு ஒரு காலை எண்ணி நான்கால் பெருக்கிப் பாருங்கள். தொடக்கத்தில் கால்கள் வீணாகச் சுழல்வதுபோல் தோன்றும். பத்து நாளில் பழகிவிடும், முழங்கால் தப்பிக்கும்.

எதிர்காற்றைப் பற்றி ஒரு சொல். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டினால், சமதளத்தில் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி காற்றை ஒதுக்கவே போகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். ஆகவே எதிர்காற்றில் வேகத்தைக் காப்பாற்றப் போராடுவது வீண். கியரை இறக்கி, உடலைத் தாழ்த்தி, மெதுவாகப் போவதே வழி. என்னைக் கேட்டால் எதிர்காற்றைவிட ஏற்றம் மேல். ஏற்றத்துக்கு உச்சி என்று ஒன்று உண்டு. மறுபுறம் இறக்கமும் உண்டு.

நான்காம் படி: வழியைத் தேர்ந்தெடுப்பது

ஒருநாள் சவாரியில் சிரமமில்லாமல் எவ்வளவு தூரம் போகிறீர்களோ அதில் மூன்றில் இரண்டு பங்குதான் பயணத்தின் ஒருநாள் அளவு. 60 கிலோமீட்டர் போகக்கூடியவர் 40 என்று வைத்துக்கொள்ளட்டும். மூட்டையின் எடை, வழி தேடுவது, நின்று பார்ப்பது, மறுநாளும் மிதிக்க வேண்டியிருப்பது எல்லாம் சேர்ந்து மிச்சத்தைத் தின்றுவிடும். அகலக்கால் வைத்தவர்கள் இரண்டாம் நாள் காலையில் வருந்துவார்கள்.

தூரத்தைவிட ஏற்றத்தைக் கவனியுங்கள். நீங்கள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். சராசரி மனிதர் நீண்ட நேரம் தரக்கூடிய 100 வாட் திறனில், 500 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 80 நிமிடம் ஆகும். முன்னால் நகர்வதற்கான உழைப்பு தனி. வரைபடச் செயலிகள் வழியின் உயர மாற்றத்தைக் கோட்டுப்படமாகக் காட்டும்; மொத்த ஏற்றம் எவ்வளவு, எங்கே செங்குத்து என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். 10 சதவீதச் சரிவு என்றால் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 10 மீட்டர் மேலேறுகிறது என்று பொருள். சுமையோடு அதைத் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால் ஆச்சரியமில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மூட்டையில் 5 கிலோ கூடினால் அந்த 80 நிமிடத்தில் 4 நிமிடம் கூடும். அவ்வளவுதான். 200 கிராம் குறைப்பதற்காகக் காசைக் கொட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பெரிய நெடுஞ்சாலையைத் தவிர்த்து அதற்கு இணையாக ஓடும் சிறு சாலைகளைத் தேடுங்கள். பத்துக் கிலோமீட்டர் கூடினாலும் லாபம்தான். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் பல நாடுகளில் வண்டிப்பாதை, ஒற்றையடிப்பாதை வரை காட்டுகிறது. அதைப் பயன்படுத்தும் செயலிகளில் வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டால் இணையம் இல்லாத இடத்திலும் வழி தெரியும். வழியில் தண்ணீர் எங்கெங்கே கிடைக்கும், ஏதாவது ஆனால் ரயிலிலோ பஸ்ஸிலோ எங்கே ஏறலாம் என்று குறித்துவையுங்கள். போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் வருமாறு திசையை அமைக்க முடிந்தால் அது அதிர்ஷ்டம். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுப்பது பெரும்பாலான சமவெளிகளின் வழக்கம். விடியலில் கிளம்புவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மூட்டை

முதுகுப்பையைச் சுமந்துகொண்டு மிதிக்காதீர்கள். அந்த எடை முழுவதும் சீட்டின் வழியாக உங்கள் உடம்பில்தான் இறங்கும். சுமையைச் சைக்கிள் தூக்கட்டும். கேரியரின் இரு பக்கமும் தொங்கும் பைகள் இரண்டு இருந்தால் ஓர் இரவுக்கு ஏராளம். கனமானவை பையின் அடியில், சக்கரத்துக்கு அருகில். இரு பக்கமும் எடை ஏறக்குறையச் சமமாக. எல்லாவற்றையும் பின்னாலேயே ஏற்றினால் முன்சக்கரம் லேசாகி, இறக்கத்தில் ஹேண்டில்பார் நடுங்கத் தொடங்கும். தண்ணீரையும் கருவிகளையும் முன்னால் மாற்றினால் அடங்கிவிடும்.

மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று கட்டியவுடனே பாருங்கள். பையைக் கட்டிய வாரின் நுனி தொங்கிக்கொண்டிருந்தால் அதைச் செருகிவிடுங்கள். வார் பின்சக்கரத்தில் சிக்கினால் ஸ்போக்கும் போகும், நீங்களும் விழுவீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முழுச் சுமையோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சுமை ஏற்றிய வண்டி திரும்புவதும் நிற்பதும் வேறு மாதிரி இருக்கும்.

என்ன எடுப்பது? மிதிப்பதற்கு ஓர் உடை, மாலையில் போட்டுக்கொள்ள ஓர் உடை, மழைக்கு ஒரு மேல்சட்டை. படுக்கையும் கூடாரமும் கூரை கிடைக்காத இடத்துக்கு மட்டும். முதல் பயணத்தில் கூரைக்கடியில் தூங்குங்கள் என்பேன். ஒரே நாளில் எல்லாப் பாடத்தையும் படிக்க வேண்டியதில்லை. இரண்டு விளக்குகள், கைபேசிக்கு மின்சேமிப்பி, மருந்துப் பொட்டலம், அடையாள அட்டை, கொஞ்சம் ரொக்கம், பூட்டு. பொருள்களை நெகிழிப் பைகளில் சுற்றி வையுங்கள்; நீர்புகாப் பை என்று விற்பவர் சொன்னாலும் சரி.

ஆறாம் படி: பங்க்சர் ஒட்டக் கற்பது

இந்த ஒரு வேலையை வீட்டில் உட்கார்ந்து இரண்டு முறையாவது செய்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். நடுவழியில் தன்னம்பிக்கை தருவது இதைப்போல் வேறில்லை.

பின்சக்கரம் என்றால் முதலில் சங்கிலியை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். திரும்ப மாட்டுவது எளிதாகும். மிச்சக் காற்றை இறக்கிவிட்டு, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் டயரின் விளிம்பை நெம்புகோலால் வெளியே எடுங்கள். ட்யூபை உருவும்போது, அது டயருக்குள் எப்படிக் கிடந்ததோ அதே போக்கில் பக்கத்தில் வையுங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. ட்யூபில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும், டயரில் அதற்கு நேரான இடத்தில்தான் குற்றவாளி உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் ஒட்டினால் நூறு மீட்டரில் மீண்டும் இறங்க வேண்டியதுதான்.

ட்யூபில் காற்றடித்துக் காதருகே சுற்றுங்கள். சத்தம் கேட்காவிட்டால் ஈரமான உதட்டருகே கொண்டுபோங்கள். மெல்லிய காற்றுக்கூட உதட்டுக்குத் தெரியும். தண்ணீர் இருந்தால் முக்கிக் குமிழியைப் பார்க்கலாம். ஒட்டும் துண்டைவிடப் பெரிய பரப்பில் உப்புத்தாளால் தேயுங்கள், பளபளப்பு போகும்வரை. ரப்பர் கரைசலை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பிறகு காத்திருங்கள். அவசரக்காரர்கள் ஈரத்திலேயே ஒட்டிவிடுவார்கள், அது நிற்காது. ஐந்து நிமிடம் கழித்து, பூசிய இடத்தின் மினுமினுப்பு மங்கிய பிறகு துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள்.

இதற்கிடையில் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முள், கண்ணாடிச் சில்லு, கனரக டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய இரும்புக் கம்பி எதுவானாலும் துணியில் மாட்டும். ட்யூபில் வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வையுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி இருபுறமும் கையால் தள்ளிக்கொண்டே வந்து, வால்வில் முடியுங்கள். கடைசி அங்குலங்களில் நெம்புகோல் வேண்டாம், ட்யூபைக் கடித்துவிடும். வால்வை ஒருமுறை உள்ளே அழுத்தி இழுங்கள், விளிம்புக்கடியில் ட்யூப் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு முழுக் காற்று அடியுங்கள். உங்கள் பம்ப் உங்கள் வால்வு வகைக்குப் பொருந்துகிறதா என்பதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உதிரி ட்யூப் ஒன்று எடுத்துப்போனால் சாலையில் அதை மாற்றிவிட்டு, ஓட்டையானதை மாலையில் நிதானமாக ஒட்டலாம். இதைத் தவிர, பிரேக் இறுக்குவது, நழுவிய சங்கிலியை மாட்டுவது, திருகுகளை இறுக்குவது ஆகியவை தெரிந்தால் போதும். சங்கிலிக்கு எண்ணெய் விட்டால், வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்குள்ளே. வெளியே இருப்பது புழுதியைத்தான் சேர்க்கும்.

ஏழாம் படி: அந்த நாளும் அந்த இரவும்

முந்தைய மாலை எல்லாவற்றையும் கட்டிவையுங்கள். வழியையும் தங்குமிடத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் ஒரு மணி நேரம் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். உற்சாகத்தில் கால் பறக்கும், அதைப் பிடித்து நிறுத்துங்கள். பசிப்பதற்கு முன் சாப்பிடுங்கள், தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது குடியுங்கள். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு, வெயிலுக்கேற்பக் கூட்டுங்கள். வியர்வை கொட்டும் நாளில் உப்பும் தேவை. மதியத்துக்குமேல் திடீரென்று கை கால் சோர்ந்து, எரிச்சலும் அழுகையும் வருவதுபோல் இருந்தால் அது பெரும்பாலும் மன உறுதியின் குறை இல்லை; மாவுச்சத்து தீர்ந்துவிட்டது. இனிப்பாக எதையாவது தின்று கால்மணி நேரம் உட்காருங்கள், உலகம் மீண்டும் அழகாகிவிடும்.

சாலையில் விளிம்பை ஒட்டி ஒதுங்கிப் போவது பாதுகாப்பு என்று தோன்றும். அங்கேதான் மணலும் பள்ளமும் கண்ணாடியும் இருக்கின்றன. அவற்றைத் தவிர்க்கத் திடீரென்று வளைவதுதான் ஆபத்து. விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, ஒரே கோட்டில், பின்னால் வருபவர் ஊகிக்கும்படி ஓட்டுங்கள். பெரிய லாரி கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்காமல், ஆனால் உறுதியாகப் பிடியுங்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், விட்டுவிட்டுப் பிடியுங்கள். வண்டியை நிறுத்தும் வலு பெரும்பாலும் முன்பிரேக்கில்தான் இருக்கிறது. மணலிலும் ஈரத்திலும் மட்டும் அதை மென்மையாகக் கையாளுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்குகள் மழையில் முதல் சில சுற்றுக்குத் தண்ணீரைத் துடைக்கும், அதன் பிறகே பிடிக்கும்.

வெளிச்சம் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். படுப்பதற்கு முன் செய்யும் ஐந்து நிமிட வேலை ஒன்று உண்டு: இரண்டு சக்கரத்தையும் மெல்லச் சுழற்றி, டயரில் குத்தியிருக்கும் சில்லுகளை நகத்தால் நோண்டி எடுப்பது. பகலில் குத்திய சில்லு உடனே ட்யூபைத் தொடாது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நாளைய பங்க்சர்களில் பாதி இன்று மாலையே தடுக்கப்படும்.

புது இடம், களைத்த உடம்பு, அரைகுறைத் தூக்கம் எல்லாம் இயல்புதான். மறுநாள் காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் வலிக்கும். இருபது நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், மறந்துவிடும். மறக்காவிட்டால் சீட்டின் உயரத்தையும் சரிவையும் பாருங்கள். இருவராகப் போகிறவர்களுக்கு ஒரே விதி: மெதுவாகப் போகிறவர் வைத்ததே வேகம். இந்த விதியை ஏற்காத நண்பரோடு போவதைவிடத் தனியாகப் போவது நட்புக்கு நல்லது.

அதற்குப் பிறகு

வீட்டுக்கு வந்ததும் பையைப் பிரித்து, தொடாத பொருள்களைத் தனியாக வையுங்கள். மழைச்சட்டை, கருவிகள், மருந்து தவிர மற்றதெல்லாம் அடுத்த முறை வீட்டிலேயே இருக்கட்டும். இல்லையே என்று ஏங்கிய பொருளை எழுதிவையுங்கள். மூன்று இரவுகள் போங்கள். பிறகு ஒரு வாரம். ஒரு வாரத்தில் மூன்றாம் நாள்தான் கடினம். அதற்குப் பிறகு உடம்பு இதுதான் இனி வேலை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறது. வாரத்துக்கு ஒருநாள் மிதிக்காமல் ஓய்வு கொடுங்கள்.

உயர்ந்த மலைகள் உங்கள் கனவில் இருந்தால் ஒரு கணக்கை மனத்தில் வையுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இன்றிரவு படுக்கும் உயரம் நேற்றிரவு படுத்ததைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். கணவாயை ஏறிக் கடந்து கீழே இறங்கிப் படுப்பதில் தவறில்லை. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். காலில் வலு இருக்கிறது என்பது இதற்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

விமானத்தில் கொண்டுபோக, சைக்கிள் கடைகளில் புதிய வண்டிகள் வந்திறங்கும் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். முன்சக்கரம், மிதிகள், சீட்டு ஆகியவற்றைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்தால் அடங்கிவிடும். சக்கரம் இல்லாத முன்கவையின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு கட்டையைச் செருகி வையுங்கள். பெட்டியின்மேல் எடை விழுந்தால் கவை நசுங்காது. பின்கியரின் தொங்கும் பகுதியைக் கழற்றி உள்பக்கமாகக் கட்டுங்கள். திருகுகள் அனைத்தையும் ஒரே பையில் போட்டுச் சட்டத்தோடு ஒட்டிவிடுங்கள். மிதிகளைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வலது மிதி வழக்கம்போல இடப்புறம் திருப்பினால் கழலும், இடது மிதியின் மரை தலைகீழ், அதை வலப்புறம் திருப்ப வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டும்போது முதல் இரண்டு மூன்று சுற்றை விரலாலேயே திருகுங்கள். மரை ஒழுங்காக ஏறுகிறது என்று தெரிந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காற்றடித்து, விமான நிலைய வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த பின் மூட்டையைக் கட்டுங்கள்.